பங்காளி மரங்களும் உறவில்லாக் கொடியும்

புதிதாக ரப்பர் கன்று நட்ட காட்டில், நிரைகளுக்கு இடையே பச்சைக் கொடி அடர்ந்து படர்ந்து கிடப்பதைக் காணாத தோட்டத் தொழிலாளர் இலர். அது தானாக முளைத்த களையன்று; விதை வாங்கி, ஆள் வைத்து, செலவு செய்து விதைத்த பயிர். அக்கொடியில் பால் வடிவதில்லை. காய் பறித்துச் சந்தையில் விற்கவும் முடியாது. அப்படியிருக்க, தோட்ட நிருவாகம் அதற்கு ஏன் பணம் செலவிடுகிறது? மரத்துக்கு இடும் உரத்தை அக்கொடி தின்றுவிடாதா? வெளிக்காட்டு வேலை செய்யும் பலரின் மனத்தில் இக்கேள்வி எழுந்திருக்கும்.

இதற்கு விடை காண வேண்டுமாயின், ஒரு நிலத்தில் ஒரே வகைச் செடி நிற்பதற்கும் பல வகைச் செடிகள் கலந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும். அடுத்து, அச்செடிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்பதையும் பார்க்க வேண்டும். செடிகளுக்குள் உறவா என வியக்க வேண்டா. உண்டு. நம் பால்மரத்தின் வளர்ச்சியும், அதற்கு வரக்கூடிய பேராபத்தும் அவ்வுறவோடு பிணைந்தவை.

இங்கிலாந்து நாட்டு இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒரு துண்டு நிலத்தில் ஒரே வகைப் புல்லை விதைத்து, அதே அளவான இன்னொரு துண்டில் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்த பல புற்களை விதைத்தால், இரண்டாவது நிலத்திலேயே அதிகச் செடிகளும் அதிக எடையுள்ள உலர்புல்லும் கிடைக்கும் என்று அந்நூலில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ‘பல புற்கள்’ என்று மட்டும் கூறி அவர் நிறுத்தவில்லை; வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை என்றும் கூறினார். அதாவது, உறவில் தள்ளி நிற்பவை. அந்தச் சிறு குறிப்பின் முழுப் பொருளை உலகம் உணர்ந்துகொள்ள நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் கிரீக் என்னுமிடத்தில் 1994-ஆம் ஆண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. டேவிட் டில்மன் என்பவரும் அவர்தம் குழுவினரும் 9 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள 168 பாத்திகளை அமைத்தனர். சில பாத்திகளில் ஒரே ஓர் இனத்தை விதைத்தனர். மற்றவற்றில் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு இனங்கள் எனக் கலந்து விதைத்தனர். மண் ஒன்றே, மழை ஒன்றே, வெயிலும் ஒன்றே. ஆண்டுதோறும் செடிகளை அறுத்து எடை போட்டனர். 2001-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பதினாறு இனங்கள் கலந்த பாத்திகளில் இருந்த செடிப்பொருளின் எடை, ஓரினப் பாத்திகளில் இருந்ததைப் போல் 2.7 மடங்கு.

புல்லுக்குப் பொருந்துவது மரத்துக்கும் பொருந்துமா? சீனாவின் ஜியாங்சி மாநிலத்து மலைச் சரிவுகளில் மரங்களைக் கொண்டே இத்தகைய சோதனை செய்தனர். நட்டு எட்டு ஆண்டுகளான பின், பதினாறு இன மரங்கள் கலந்து நின்ற பகுதிகள், ஒரே இன மரம் நின்ற பகுதிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட கரியைத் தம் உடலில் சேர்த்திருந்தன என்று 2018-இல் அறிவித்தனர். கரி என்பது இங்கே மரத்தின் உடற்பொருளுக்கு ஓர் அளவுகோல்.

ஒரே அளவு மழையும் வெயிலும் பெறும் நிலத்தில் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

நம் குடும்ப வழக்கிலிருந்தே இதனை விளக்கலாம். பங்காளிகள் என்போர் யார்? ஒரே பாட்டன் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள உரிமையுடையவர்கள். அன்பு இருக்கலாம், ஆயினும், வரப்புத் தகராறு வருவதும் அவர்களுக்குள்ளேதான். மைத்துனன் முறையுள்ளவன் அப்படியல்லன். அவனுக்கு வேறு பாட்டன், வேறு சொத்து. அவன் நம் நிலத்தில் பங்கு கேட்பதில்லை. தன் வீட்டிலிருந்து சீர் கொண்டு வருகிறான். செடிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நெருங்கிய உறவுடைய இரண்டு செடிகளின் வேர்கள் பெரும்பாலும் ஒரே ஆழத்தில் ஓடுகின்றன. ஒரே சத்தை ஒரே காலத்தில் தேடுகின்றன. இலைகள் ஒரே உயரத்தில் விரிந்து ஒரே வெளிச்சத்துக்குப் போட்டியிடுகின்றன. உறவில் தொலைவான செடிகளோ ஒன்று மேல்மண்ணிலும் மற்றொன்று ஆழ்மண்ணிலும், ஒன்று மழைக்காலத்திலும் மற்றொன்று வெயிற்காலத்திலும் தம் உணவைத் தேடிக்கொள்கின்றன. ஒன்று விட்டுவைத்ததை மற்றொன்று எடுப்பதால் நிலத்தின் வளம் வீணாவதில்லை.

செடிகளின் உறவை எப்படி அறிவது? பழங்காலத்தில் பூவையும் காயையும் விதையையும் ஒப்பிட்டு அறிந்தனர். நம் ரப்பர் காயைப் பாருங்கள். மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை, முற்றியதும் ‘பட்’ என்று வெடித்துச் சிதறும். ஆமணக்குக் காயும் அவ்வாறே மூன்று அறை கொண்டது, அதுவும் வெடிப்பதுதான். இரண்டும் ஒரே குடும்பம். காட்டாமணக்கும் மரவள்ளியும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பால் வடிவதை மட்டும் கொண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது. பலாவிலும் எருக்கிலும் பால் வடிகிறது, ஆனால் அவை ரப்பருக்கு உறவல்ல. இக்காலத்தில் செடியின் உயிரணுவிலுள்ள மரபுப் பொருளையே எழுத்து எழுத்தாகப் படித்து, இரண்டு செடிகளின் பொது மூதாதை எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது எனக் கணக்கிடுகின்றனர். இவ்வகையில் வரையும் வமிசாவளிப் படத்தில் ரப்பரும் மரவள்ளியும் நெருங்கிய கிளைகள். ரப்பரும் அவரைக் குடும்பமும் பிரிந்து ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இந்த வமிசாவளியை விளைச்சல் கணக்கோடு முதலில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மார்க் கடோட், பிராட்லி கார்டினேல், டாட் ஓக்லி என்னும் மூவர். 29 சோதனைகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். பாத்தியில் எத்தனை இனங்கள் இருந்தன என்பதைவிட, அவ்வினங்கள் தமக்குள் எவ்வளவு தூரத்து உறவு என்பதே விளைச்சலை நன்கு விளக்கிற்று என்பது அவர்கள் கண்டது. ஆயினும் இதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டா. 2015-ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் 16 புல்வெளிச் சோதனைகளை மறுபடி ஆராய்ந்து, இனங்களின் எண்ணிக்கையே முக்கியம், உறவுத் தூரம் தனியாக எதையும் கூட்டவில்லை என்றனர். அறிஞர்களுக்குள் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்குத் தோன்றுவது இது: உறவுத் தூரம் ஓர் அடையாளமே. தூரத்து உறவான செடி வேறு வேலை செய்யக்கூடியது என எதிர்பார்க்கலாம். உண்மையில் அது என்ன வேலை செய்கிறது என்பதை நிலத்தில்தான் பார்க்க வேண்டும். நம் தோட்டத்துக் கொடி அதற்கு நல்ல சான்று.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாத் தோட்டங்களில் தரையை ஒரு புல் இல்லாமல் சுரண்டி வைப்பதே திறமை எனக் கருதப்பட்டது. சுத்தமான காடு துரைமார் கண்ணுக்கு அழகாயிருந்தது. மழை அந்த அழகை விட்டுவைக்கவில்லை. மேட்டு நிலத்தின் மேல்மண் ஆண்டுதோறும் ஓடைக்கும் ஆற்றுக்கும் போயிற்று. அந்நட்டத்தைக் கண்ட பின்னரே, தரையை மூடிக் காக்கும் பயிரைத் தேடினர். அவ்வாறு தேர்ந்தவற்றுள் புகழ்பெற்றவை பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்று கொடிகள். மூன்றும் அவரைக் குடும்பம்.

அவரைக் குடும்பத்தாரிடம் ரப்பரிடம் இல்லாத ஒரு கைத்தொழில் உண்டு. அக்கொடியை மெல்லத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவிலிருந்து மிளகளவு வரை சிறு முடிச்சுகள் காணப்படும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். சிவப்பாயிருந்தால் தொழிற்சாலை ஓடுகிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். அம்முடிச்சுக்குள் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் இருந்தும், ரப்பர் மரத்தால் அதைத் தொட முடியாது. இந்நுண்ணுயிர்கள் அதனைப் பிடித்துச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றுகின்றன. கொடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. அவை கொடிக்குத் தழைச்சத்து தருகின்றன. கொடியின் இலைகள் உதிர்ந்து மக்கும்போது அச்சத்து ரப்பர் வேருக்குக் கிடைக்கிறது. மைத்துனன் கொண்டுவந்த சீர் என்று மேலே கூறியது இதனையே. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தாரின் பழைய சோதனைகளில், நல்ல மூடுபயிர் உள்ள காட்டில் முதல் ஐந்தாண்டுகளில் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக நூறு கிலோவுக்கும் மேற்பட்ட தழைச்சத்து இவ்வழியாக மண்ணில் சேர்ந்தது. சாக்கு மூட்டையில் வாங்க வேண்டியது வானத்திலிருந்து வந்தது எனலாம்.

இதன் பயனைத் தொழிலாளர் கண்ணாற் காணலாம். கன்றின் சுற்றளவு விரைவில் பருத்து, மரம் முன்னதாகவே வெட்டுக்கு வருகிறது. வெட்டுக்கு வராத காடு என்றால் நிருவாகத்துக்குச் செலவு, பால் வெட்டுவோருக்கு வேலையில்லை. ஆகவே, சில மாதங்கள் முந்துவதும் சிறிய செய்தியன்று.

மூன்று கொடிகளையும் ஏன் சேர்த்து விதைக்கிறார்கள்? ஒன்று போதாதா? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கலப்பகோனியம் விரைந்து ஓடும். சில மாதங்களில் தரையை மூடிவிடும். ஆனால் நீண்ட ஆயுள் இல்லை, இரண்டாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடும். பியூரேரியா மெல்லத் தொடங்கி, பின்னர் அடர்ந்து நின்று பல ஆண்டுகள் ஆட்சி செலுத்தும். சென்ட்ரோசீமா அதனினும் மெதுவானது. ஆயினும் ஓரளவு நிழலைத் தாங்கும். மூன்றும் ஒரே குடும்பத்துப் பங்காளிகளே என்றாலும், ஒருவர் முறை முடியும்போது அடுத்தவர் முறை தொடங்குகிறது. ஆலையில் ‘சிப்டு’ மாறுவது போல எனக் கொள்ளலாம். மரங்கள் முடி கூடி நிழல் கவிந்ததும் இம்மூன்றும் ஒடுங்கிவிடும். நிழலில் பிழைக்கும் நீலப்பூக் கலப்பகோனியம் என்ற மற்றோர் இனத்தையும் அதனால் சேர்த்துக்கொண்டனர்.

உறவில் தூரமாயிருந்தால் எல்லாம் நன்மைதான் என்று எண்ணிவிடவும் கூடாது. லாலாங் புல்லைப் பாருங்கள். புற்குடும்பம் ரப்பருக்கு அவரைக் குடும்பத்தைவிட இன்னும் தொலைவான உறவு. ஆனால் லாலாங் சூழ்ந்த கன்று மஞ்சளித்துக் குன்றிப் போவதை யார் அறியார்? அது சீர் எதுவும் கொண்டு வருவதில்லை. மேல்மண்ணில் வலைபோல் வேர்விட்டு உள்ளதையெல்லாம் வாரிக்கொள்கிறது. வெயிற்காலத்தில் தீக்கும் இரையாகிறது. மைக்கானியா என்னும் கொடியும் பார்வைக்குப் பச்சைப் பசேலென்று தரையை மூடும். கன்றின் வளர்ச்சியையோ தடுக்கும். எனவே அயலான் என்பதனால் மட்டும் ஒருவனை வீட்டுக்குள் விடுவதில்லை. அவன் என்ன தொழில் தெரிந்தவன் என்பதையும் கேட்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கலந்து நடுவதுதான் சிறந்தது என்றால், ரப்பர் காட்டிலும் பல மரங்களைக் கலந்து நடலாமே? சுமாத்திராவிலும் களிமந்தானிலும் சிறு விவசாயிகள் அவ்வாறே செய்துவந்தனர். பழமரமும் மூங்கிலும் காட்டுமரமும் ரப்பரோடு கலந்து வளரும் அக்காடுகள், பறவைக்கும் மண்ணுக்கும் நல்ல உறைவிடம். ஆனால் பால் கணக்கைப் பார்த்தால், நல்ல ஒட்டுமரக் காட்டின் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி, அல்லது அதனினும் குறைவு. ஆராய்ச்சியாளர் எடை போட்டது இலை, தண்டு, வேர் அனைத்தையும் சேர்த்து. தோட்டத் தராசு எடை போடுவது பாலை மட்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆகையால் ‘கலப்பு’ என்பதை மந்திரச்சொல்லாக எங்கும் ஓதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூலி கிடைப்பது பாலிலிருந்துதான்.

ஆனால் பாலை மட்டும் எண்ணுவோரும் அஞ்ச வேண்டிய ஓர் இடம் உண்டு. அது நோய்.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் வருகிறது. வீட்டுப் பசுவுக்கு வருவதில்லை. செடிநோயும் பெரும்பாலும் உறவு வழியே பரவுகிறது. பனாமா நாட்டு மழைக்காட்டில் கில்பர்ட், வெப் என்னும் இருவர் ஒரு செடியின் நோய்ப் பூஞ்சணத்தை எடுத்துப் பல்வேறு செடிகளின் இலையில் இட்டுப் பார்த்தனர். உறவு நெருங்க நெருங்க நோய் ஒட்டியது. உறவு விலக விலக ஒட்டாமற் போயிற்று. இதனை 2007-இல் அறிவித்தனர். விதிவிலக்குகள் உண்டு. ரப்பரின் வெள்ளைவேர் நோய் தேயிலை, கோக்கோ முதலிய உறவற்ற மரங்களையும் தாக்கும். ஆயினும் பொது வழக்கு உறவு வழியே.

இப்பொழுது நம் பால்மரங்களின் வமிசாவளியைப் பார்ப்போம். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுத் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலாகங்சாருக்குப் போயின. ஆசியாவின் ரப்பர் காடுகளில் மிகப் பெரும்பாலானவை விக்கம் கொண்டுவந்த அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே. ஆற்றங்கரையின் ஒரு பகுதியில் பொறுக்கிய விதைகளிலிருந்து நாடு நாடாகப் பரந்த காடுகள்!

பின்னர் ஒட்டுக் கட்டும் முறை வந்தது. அதிகப் பால் தரும் ஒரு தாய்மரத்தின் கண்ணை எடுத்து இலட்சக்கணக்கான கன்றுகளில் ஒட்டினர். அவ்வாறு பெருகிய மரங்கள் அண்ணன் தம்பியர் கூட அல்ல. ஒரே உடலின் துண்டுகள். புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனம், ஜாவாவிலிருந்து வந்த ‘ஜிர் 1’ மரத்துக்கும் பி.பி. 86 என்ற மரத்துக்கும் பிறந்த பிள்ளை. பி.பி. என்பது சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்தைக் குறிக்கும்; இன்று புத்ராஜெயா நகரம் எழுந்துள்ள நிலம் அது. ஆர்.ஆர்.ஐ.எம். 605-க்கும் அதே ‘ஜிர் 1’ ஒரு பெற்றோர். அதன் மற்றொரு பெற்றோர் பி.பி. 49; அது ஆர்.ஆர்.ஐ.எம். 623-க்கும் பெற்றோர். தோட்டத்தில் மூன்று எண்கள் எழுதிய மூன்று பலகைகள் நிற்கலாம்; மூன்றுக்கும் வேர் ஒரு வீட்டில். விளைச்சல் பெருகியதற்கு இம்முறையே காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. பழைய விதைமரக் காட்டையும் ஒட்டுமரக் காட்டையும் வெட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலுள்ள ஆபத்தைத் தெரிந்துகொள்ள, மறுபடி தபஜோஸ் ஆற்றுக்கே போக வேண்டும். அமேசான் காட்டில் ரப்பர் மரம் ஹெக்டருக்கு ஒன்றிரண்டாகச் சிதறி நிற்கும். இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான வேற்று மரங்கள். அங்கே தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சண நோய் உண்டு. அது ரப்பர் பேரினத்தை மட்டுமே தாக்கும். இடையே நிற்கும் அயல்மரங்கள் வேலிபோல் அமைவதால், ஒரு மரத்தின் நோய் அடுத்த ரப்பர் மரத்தைச் சென்றடைவது அரிது. 1928-இல் மோட்டார் வண்டி முதலாளி ஹென்றி ஃபோர்டு அவ்வாற்றங்கரையிலேயே பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஃபோர்ட்லாந்தியா என்று அதற்குப் பெயர். காட்டை அழித்து ரப்பரை நெருக்கி நட்டனர். இலைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு மரங்கள் வளர்ந்ததும் இலைக்கருகல் நிரை நிரையாகப் பாய்ந்தது. 1934-இல் பெல்தெரா என்ற வேறிடத்துக்கு மாறினர். ஆசியாவிலிருந்து உயர்ந்த ஒட்டுமரங்களைக் கொண்டுவந்து நட்டனர். அந்நோயைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறியாத அம்மரங்கள் இன்னும் எளிதில் வீழ்ந்தன. 1945-இல் ஃபோர்டு நிறுவனம் எல்லாவற்றையும் பிரேசில் அரசுக்கு விற்றுவிட்டு வெளியேறிற்று. பணத்துக்கும் இயந்திரத்துக்கும் அங்கே குறைவில்லை.

ஆசிய ரப்பர் நாடுகளில் அந்நோய் இதுவரை குடியேறவில்லை. கடலும், பயிர்த்தடுப்புச் சட்டமும் நம்மைக் காத்து நிற்கின்றன. தென்னமெரிக்காவிலிருந்து செடியோ விதையோ இலையோ அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது என்ற விதி, வெறும் காகித விதியன்று. நம் காட்டில் நிற்கும் கோடிக்கணக்கான மரங்கள் ஒரே உறவுக்கூட்டம் என்பதனால் ஏற்பட்ட விதி. வேறு இலைநோய்கள் வந்தே இருக்கின்றன. 2016-இல் இந்தோனேசியாவில் பெரிதாகத் தலைகாட்டிய பெஸ்தலோசியோப்சிஸ் இலையுதிர்வு நோய் பின்னர் மலேசியாவிலும் தாய்லாந்திலும் பரவிற்று. வட்டமான பழுப்புப் புள்ளிகளோடு முற்றிய இலைகள் காலமல்லாக் காலத்தில் கொட்டுவது அதன் குறி. இலை கொட்டிய மரத்தில் பால் குறையும்.

ஓரினத்துக்குள்ளேயே கலப்புச் செய்தாலும் நோய் தணியும் என்பதற்குச் சீனாவின் யூனான் மாநிலத்து நெல்வயல்கள் சான்று. அங்கே குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் நெல்லையும், அதனைத் தாங்கும் நெல்லையும் வரிசை மாற்றி நட்டனர். எளிதில் ஆளாகும் நெல்லில் நோயின் கடுமை 94 விழுக்காடு குறைந்தது. தனியாக நட்ட அதே நெல்லைவிட விளைச்சல் 89 விழுக்காடு மிகுந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. பால்மரக் காட்டிலும் ஒரே ஒட்டு இனத்தைத் தோட்டம் முழுவதும் நடாமல், பகுதிக்கொன்றாகப் பல இனங்களை நடுவதன் காரணம் இதுவே. நிரை மாறும்போது கத்தி பிடிக்கும் ஆழமும் பட்டையின் கனமும் மாறுவது தொழிலாளருக்குத் தொல்லைதான். அத்தொல்லைக்குப் பொருள் உண்டு.

உறவு வட்டத்தை விரிக்கவும் முயற்சி நடந்தது. 1981-இல் ரப்பர் விளைக்கும் நாடுகளின் பன்னாட்டு ஆராய்ச்சிக் கழகமும் பிரேசில் அரசும் சேர்ந்து அக்ரே, ரோண்டோனியா, மாத்தோ குரோசோ ஆகிய மாநிலக் காடுகளுக்குக் குழுக்களை அனுப்பின. விக்கம் விதை பொறுக்கிய இடத்திலிருந்து மிகத் தொலைவான காடுகள் அவை. 60,000-க்கும் மேற்பட்ட விதைகள் திரட்டப்பட்டன; ஒரு பகுதி மலேசியாவில் வளர்க்கப்பட்டது. காட்டுமரங்கள் ஆதலின் பால் குறைவு. நம் மரங்களோடு கலந்து நல்ல பிள்ளையைப் பெற்றெடுக்கப் பல்லாண்டு பொறுமை வேண்டும். ரப்பர் ஆராய்ச்சி அவசரக்காரருக்கு உரிய துறையன்று.

இனி, நம் கையிலுள்ளவற்றைக் காண்போம். மூடுபயிர்க் காட்டில் வேலை செய்வோர், கன்றைச் சுற்றி வட்டமாகக் கொடியை விலக்கினால் போதும். கன்றின்மேல் ஏறிய கொடியை இறக்கிவிட வேண்டும். நிரையிடையே உள்ளதை வேரோடு பிடுங்குவது தழைச்சத்துச் சாலையைப் பூட்டுவதாகும். இன்னொரு நன்மையும் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் பழைய அடிக்கட்டைகள் கொடியின் ஈரமூட்டத்தில் விரைவில் உளுத்துப் போவதால், வெள்ளைவேர் நோய்க்கு இரை குறைகிறது. இளங்கன்றுகளிடையே மரவள்ளி நடுவது நல்லதன்று. அது ரப்பருக்கு நெருங்கிய உறவு. மண்ணின் சத்தை நிறைய எடுக்கும். வெள்ளைவேர் நோய் அதனையும் பற்றும். நிலக்கடலையோ வாழையோ நிருவாகத்தின் அனுமதியோடு பயிரிடுவது மேல். முற்றிய இலை வழக்கத்துக்கு மாறாகக் கொட்டினால், அன்றே தண்டலிடமோ கிராணியிடமோ சொல்லுங்கள். நாள்தோறும் ஒவ்வொரு மரத்தையும் நேரில் பார்ப்பவர் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவரே. எந்த அதிகாரியும் அவருக்கு முன் காண முடியாது.

வீட்டுக் கொல்லையில் இதே பாடத்தை ஆறு மாதத்தில் சோதித்துப் பார்க்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். கத்தரி வாடிச் செத்த பாத்தியில் தக்காளியை வைத்தால் அதுவும் வாடும்; மண்ணில் தங்கிய வாடல்நோய்க் கிருமிக்கு இரண்டும் ஒரே வீட்டுச் சோறு. பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி, பூசணி ஐந்தும் மற்றொரு குடும்பம். வெண்டைக்கு உறவு யார் தெரியுமா? நம் தேசிய மலரான செம்பருத்தி. இக்கால வகைப்பாட்டின்படி கோக்கோவும் டுரியானும் கூட. கத்தரிப் பாத்தியில் அடுத்த முறை பயற்றங்காயைப் போடுங்கள். அது முடிந்ததும் சோளம் அல்லது கீரை. அதன்பின் கத்தரிக்குத் திரும்பலாம். பயற்றங்காய்க் கொடியை அகற்றும்போது வேரைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள். முடிச்சுகள் மண்ணிலேயே மக்கட்டும்.